அசாயி: ஆற்றங்கரைக் கிண்ணத்திலிருந்து உலகச் சந்தைத் தூள் வரை

உணவுப்பொருள்களின் வரலாறு பெரும்பாலும் அவை மேற்கொண்ட பயணங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மிளகும் கறுவாவும், கரும்பும் கோப்பியும், பிற்காலத்தில் தேயிலையும் வரலாற்றாசிரியரின் கவனத்தை ஈர்த்தமைக்குக் காரணம் அவை கப்பலேறியமையே. பயணஞ் செய்யாத உணவுகள் பல கோடி மக்களைப் போஷித்தபோதிலும் ஏடுகளில் இடம்பெறுவதில்லை. தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்று முகத்துவாரத்து மக்களின் உணவாகிய அசாயி அத்தகையதொன்றாகவே நெடுங்காலம் இருந்தது. இன்று அது ஊதாநிறத் தூளாகப் போத்தல்களில் அடைக்கப்பட்டு உலகெங்கும் விற்பனையாகின்றது. நெடுங்காலம் ஊரைவிட்டு நகர இயலாதிருந்த ஓர் உணவு ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்துள் உலகைச் சுற்றி வந்தது எவ்வாறு என்பதும், அப்பயணத்தில் அது எதனை இழந்தது என்பதும் ஆராயத்தக்கன.

அசாயி மரம் தென்னை, பனை, கமுகு ஆகியன அடங்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. தோற்றத்தில் கமுகை நினைவூட்டும் மெலிந்த தண்டுடையது; 25 மீற்றர் வரை வளரக்கூடியது. கமுகு தனிமரமாக நிற்க, இதுவோ வாழையைப் போன்று அடியிலிருந்து பக்கக்கன்றுகளை ஈன்று புதராக நிற்கும். ஒரு தண்டு வெட்டப்பட்டாலும் புதர் அழிவதில்லை. இவ்வியல்பு இம்மரத்தின் வரலாற்றிற் பின்னர் முக்கியத்துவம் பெறுவதைக் காணலாம். நாளொன்றுக்கு இருமுறை வற்றும் பெருகும் நீரினால் நனையும் தாழ்நிலங்களே இதற்கு உகந்தவை. பிறேசில் நாட்டின் பாரா மாநிலத்தில், பெலேம் நகரைச் சூழ்ந்த தீவுகளும் மராஜோ தீவும் இம்மரங்களால் நிறைந்துள்ளன. இதற்கு நெருங்கிய இனமொன்று அமேசன் காட்டின் உட்பகுதியில் உண்டு. 2013 ஆம் ஆண்டு வெளியான பாரிய கணக்கெடுப்பொன்று அமேசன் காட்டில் மிக அதிக எண்ணிக்கையிற் காணப்படும் மரம் அந்த இனமே என மதிப்பிட்டது.

இம்மரத்தின் பெயர்கள் இரண்டும் இருவேறு பார்வைகளைக் காட்டுவன. அசாயி என்பது துப்பி மொழிச் சொல்லிலிருந்து போத்துக்கேய மொழிக்கு வந்தது. நீரைச் சொரியும் பழம் என்பது அதன் பொருள் என்பர். பழத்தை உண்டோர் வைத்த பெயர் அது. 1817 முதல் 1820 வரை பிறேசிலிற் பயணஞ் செய்த பவேரிய நாட்டுத் தாவரவியலாளர் மார்ட்டியஸ் இதற்கு ‘இயூற்றேப்பே ஒலெராசியா’ எனப் பெயரிட்டார். முதற்சொல் கிரேக்கரின் கலைத் தெய்வங்களுள் ஒன்றின் பெயர். இரண்டாவது, கறிக்குரியது என்னும் பொருளை உடைய இலத்தீன் சொல். அறிவியலேட்டில் மரம் பதிவுபெற்றபோது பழமன்று, கறியாக உண்ணக்கூடிய குருத்தே பெயரில் இடம்பெற்றது.

இப்பழத்தைப் பற்றிய பழங்கதையொன்று பெலேம் நகரில் வழங்குகின்றது. கடும் பஞ்சகாலத்தில் குலத்தலைவன் ஒருவன் புதிதாய்ப் பிறக்கும் குழந்தைகளைக் கொல்லுமாறு ஆணையிட்டான். அவன் மகள் இயசாவின் குழந்தையும் கொல்லப்பட்டது. துயருற்ற அவள் ஒரு மரத்தைத் தழுவியபடி இறந்து கிடந்தாள். அவளது விழிகள் நோக்கிய திசையிற் கருநிறக் குலைகள் தொங்கின. பஞ்சம் தீர்த்த அப்பழத்துக்கு அவள் பெயரைத் திருப்பி அசாயி எனத் தலைவன் பெயரிட்டான் என்பது கதை. பெயரை இவ்வாறு திருப்புதல் உரோம எழுத்துக்களில் எழுதிப் பார்க்கும்போதே பொருந்தும். ஆதலின், கதையின் இவ்வடிவம் எழுத்தறிவு பரவிய பின்னர் உருவாகியிருத்தல் வேண்டும். எனினும் அசாயியைப் பசிதீர்க்கும் உணவாக அக்கதை காண்கின்றதேயன்றி, அழகுதரும் பொருளாகவோ நோய் நீக்கும் மருந்தாகவோ காணவில்லை.

பெலேம் நகரம் 1616 ஆம் ஆண்டு போத்துக்கேயர் கட்டிய கோட்டையொன்றைச் சுற்றி வளர்ந்தது. யாழ்ப்பாண இராச்சியம் அவர்கள் வசமாவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது அது. குடியேறியோரும் அவர்தம் கலப்பின வழித்தோன்றல்களும் சுதேச மக்களிடமிருந்து இரு உணவுகளைப் பெற்றனர். ஒன்று மரவள்ளி மா, மற்றொன்று அசாயி. இவை இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. மரவள்ளியில் மாப்பொருள் மிகுதி. கொழுப்பு மிகக் குறைவு. அசாயியின் தசையிலோ சர்க்கரை மிகக் குறைவு, கொழுப்பு மிகுதி. பழத்தை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து, கொட்டையை நீக்கி வடித்தெடுத்த தடித்த கூழை மரவள்ளி மாவுடன் கலந்து, பொரித்த மீனோ உலர்ந்த இறாலோ துணையாக உண்பது இன்றுவரை நிலைத்துள்ள வழக்கம். இனிப்புச் சேர்ப்போரும் உளர். ஆயினும் ஆற்றங்கரை வீடுகளில் அது சோற்றுக்கு நிகரான உணவேயன்றிப் பழச்சாறன்று. எண்ணெய்ச் சுவையும் மண்வாசனையும் கலந்த அதனை முதன்முறை உண்ணும் வெளியூரார் முகஞ்சுழிப்பதுண்டு.

1848 ஆம் ஆண்டு பெலேம் நகரில் வந்திறங்கிய ஆங்கில இயற்கை ஆய்வாளர் அல்பிரட் றசல் வலஸ், இவ்வுணவை ஊன்றிக் கவனித்தவர்களுள் ஒருவர். 1852 இல் தாயகம் திரும்பும்போது கப்பல் தீப்பற்றியதால் அவர் சேகரித்தவற்றிற் பெரும்பகுதி அழிந்தது. தப்பிய சிலவற்றுள் பனையின மரங்களைப் பற்றிய சித்திரங்களும் அடங்கும். அவற்றைக் கொண்டு 1853 இல் அவர் வெளியிட்ட நூல், அமேசன் பகுதி மக்கள் அம்மரங்களைப் பயன்படுத்திய முறைகளைக் கூறுவது. அசாயியைத் தெருத்தெருவாகக் கூவி விற்றமையும், நகர மக்கள் அதனை விரும்பி உண்டமையும் அதிற் பதிவாகியுள்ளன. பாராவுக்கு வந்து அசாயி அருந்தியவர் அங்கேயே தங்கிவிடுவர் எனும் கருத்தமைந்த பழமொழி ஒன்றும் அந்நகரில் உண்டு. அதனை அருந்த வேண்டுமாயின் அங்கேயே தங்கத்தான் வேண்டியிருந்தது என்பதும் உண்மையே.

அசாயியின் வரலாற்றை விளக்குவதற்குரிய திறவுகோல் இவ்விடத்திலேயே உள்ளது. பழம் பறிக்கப்பட்டதும் கெடத் தொடங்குகின்றது; பிசைந்தெடுத்த கூழோ வெப்பவலயத்து வெம்மையில் ஒரு நாளுக்குள் புளித்து நிறம் மாறிவிடும். நுண்ணுயிர்களும் பழத்திலுள்ள நொதியங்களும் இதற்குக் காரணமாகும். யாழ்ப்பாணத்தார் பனம்பழக் களியை வெயிலிற் காயவைத்துப் பனாட்டாக்கி மாதக்கணக்கிற் பேணுவர். அது சர்க்கரை மிகுந்த களியாதலின் இயல்வது. எண்ணெய் மிகுந்த அசாயிக் கூழை மழையும் ஈரப்பதனும் மிகுந்த முகத்துவாரத்தில் அவ்வாறு பேணும் வழியிருக்கவில்லை. ஆதலின் பறித்த பழம் ஒருநாட் படகுப் பயணத் தொலைவுக்குள் உண்ணப்பட வேண்டியதாயிற்று. இது குறைபாடாகத் தோன்றினும், அசாயிக்கு அரணாக அமைந்தது இதுவே எனலாம். கெட்டுப்போகும் பொருளுக்குத் தூரதேசத்து வணிகன் விலை கூறுவதில்லை.

அவ்வரண் இல்லாத பொருள்களுக்கு நேர்ந்ததை இறப்பரின் வரலாறு காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறப்பர்ப் பால் பெலேம் நகருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. 1878 இல் திறக்கப்பட்ட அந்நகரின் நாடக அரங்கு இன்றும் அச்செல்வத்தின் சான்றாக நிற்கின்றது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே ஹென்றி விக்கம் ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளைத் தபாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டு சென்றிருந்தார். அங்கு முளைத்த கன்றுகளிற் பெரும்பாலானவை அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடவில் நடப்பட்டன. இலங்கையிலும் மலாயாவிலும் எழுந்த தோட்டங்களின் போட்டியைத் தாங்காது 1912 அளவில் அமேசனின் இறப்பர் வணிகம் சரிந்தது. இலங்கையில் ஒரு தோட்டப் பொருளாதாரம் விரிவடைந்ததும், பெலேம் நகரின் செல்வம் வற்றியதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்களாகும். வணிகர் கைவிட்ட பின்னரும் ஆற்றங்கரைகளில் எஞ்சியிருந்தோர் மீனும் மரவள்ளியும் அசாயியும் உண்டு காலங்கழித்தனர்.

இரண்டாவது முறை வெளியுலகு இம்மரத்தை நாடி வந்தபோதும் பழத்தை நாடி வரவில்லை. பிறேசிலின் தென்கிழக்குக் கரையோரக் காடுகளில் வளரும் ‘ஜுசாரா’ என்னும் இனத்தின் குருத்து தகரத்தில் அடைக்கப்பட்டு விற்பனையாகி வந்தது. அம்மரம் ஒற்றைத் தண்டுடையது. குருத்தை வெட்டினால் மரம் மடியும். காடுகள் வெறுமையாகவே, ஆலைகள் அமேசன் முகத்துவாரத்துக்குப் பெயர்ந்தன. 1970களில் அசாயி மரங்கள் பெருந்தொகையில் வெட்டப்பட்டதன் விளைவாக, அவற்றை அனுமதியின்றி வெட்டுவதைத் தடுக்கும் சட்டமொன்று 1978 இல் இயற்றப்பட்டது. சட்டம் எந்தளவுக்கு மரங்களைக் காத்தது என்பது ஐயத்துக்குரியது. மரங்களைக் காத்தவை இரண்டு: வெட்டிய அடியிலிருந்து மீண்டுந் தளிர்க்கும் அதன் இயல்பு ஒன்று, குருத்தைவிடப் பழத்துக்கு அதிக விலை கிடைக்கத் தொடங்கியமை மற்றொன்று.

பழத்துக்கு விலை கிடைத்தமைக்குக் காரணம் அயல்நாட்டு வணிகரல்லர். 1960 இல் பெலேம் நகரைப் புதிய தலைநகராகிய பிறசீலியாவுடன் நெடுஞ்சாலை இணைத்தது. பின்வந்த ஆண்டுகளில் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெருந்தொகையாக நகரின் சேரிகளுக்குக் குடிபெயர்ந்தன. ஊரை விட்டவர்கள் உணவை விடவில்லை. மின்சாரத்தால் இயங்கும் பிழியும் பொறிகளுடன் சிறு கடைகள் தெருக்கள்தோறும் முளைத்தன. செங்கொடி தொங்கினால் அன்று அசாயி உண்டு என்பது பொருள்; அரசியல் வேறெதுவுமில்லை. வேரோப்பேசோ சந்தைக்கு அருகிலுள்ள அசாயித் துறையில் விடியுமுன்னரே படகுகள் வந்தடையும். ஓலைக்கூடைகளில் வந்த பழம் காலைக்குள் விற்றுத் தீரும்.

இத்தேவையை நிறைவு செய்தோர் ஆற்றங்கரைச் சிறு உழவர்கள். அரசாங்கம் 1970களில் மாட்டுப் பண்ணைகளுக்கும் பெருந்தெருக் குடியேற்றங்களுக்கும் மானியம் வழங்கியது; இவர்களையோ காட்டிற் கிடைப்பதைப் பொறுக்குவோர் என்றே கருதியது. மானிடவியலாளர் எடுவார்டோ பிறோண்டீசியோ மராஜோத் தீவிலே பல்லாண்டு நடத்திய ஆய்வுகளைக் கொண்டு 2008 இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை மறுத்தது. மிகையான தண்டுகளைக் களைதல், நிழலைக் குறைத்தல், கன்றுகளை இடையிடையே நடுதல் ஆகிய முறைகளால் அம்மக்கள் காட்டின் தோற்றத்தை அழிக்காமலே விளைச்சலைப் பெருக்கினர் என்பதை அவர் நிறுவினார். காடாகக் காட்சியளித்தமையாலேயே அவர்தம் உழைப்பு அதிகாரிகளின் கண்ணிற் படவில்லை. மரமேறுதலும் எளிதான தொழிலன்று. யாழ்ப்பாணத்துச் சீவற்றொழிலாளரின் தளைநாரை ஒத்த ‘பெக்கோஞ்ஞா’ என்னும் வளையத்தைப் பாதங்களிற் பூட்டி ஏறுவர். தண்டு மெலிந்ததாதலின் பாரங்குறைந்த உடலுடையோரே ஏற வேண்டியுள்ளது. எனவே சிறுவர்களும் இதில் ஈடுபடுத்தப்படுகின்றனர்.

கெட்டுப்போகும் இயல்பென்னும் அரணைக் குளிரூட்டிகளே தகர்த்தன. உறையவைத்த கூழ் 1980களிலும் 1990களிலும் றியோ டி ஜனெய்ரோ, சாவோ பாவுலோ ஆகிய நகரங்களைச் சென்றடைந்தது. றியோவின் மற்போர்ப் பயிற்சிக் கூடங்களிலும் கடற்கரைகளிலும் அது குவாரானாப் பாகுடனும் வாழைப்பழத்துடனும் கலக்கப்பட்டு, குளிர்ந்த இனிப்பாயிற்று. மீனும் மாவும் விடைபெற்றன. 2000 ஆம் ஆண்டின் பின்னர் ஐக்கிய அமெரிக்காவுக்கு ஏற்றுமதி தொடங்கியது. உறைந்த கூழைக் கொண்டுசெல்லக் குளிர்ச்சி அறாத சங்கிலி வேண்டும். அதனையும் தேவையற்றதாக்கியது தூள். உறையவைத்த கூழிலுள்ள பனிக்கட்டியை வெற்றிடத்தில் நேரே ஆவியாக்கி நீக்கும் முறையினால் நிறமும் சத்தும் பெரிதும் பேணப்படுகின்றன. வெப்பக்காற்றில் விசிறி உலர்த்தும் மலிவான முறையும் உண்டு. அதில் மோல்ற்றோடெக்ஸ்திரின் போன்ற மாப்பொருள் சேர்க்கப்படுவதால் அத்தகைய தூளில் அசாயியின் பங்கு குறைகின்றது.

தூளின் போஷணை பற்றிப் பரவலாக எடுத்தாளப்படும் பகுப்பாய்வு 2006 இல் வெளியானது. உறையவைத்து உலர்த்திய தூள் 100 கிராமில் ஏறத்தாழ 534 கலோரி சக்தியும், 32.5 கிராம் கொழுப்பும், 8.1 கிராம் புரதமும், 52.2 கிராம் காபோவைதரேற்றும் காணப்பட்டன. அக்காபோவைதரேற்றில் 44.2 கிராம் நார்ப்பொருள், சர்க்கரை 1.3 கிராம் மட்டுமே. கல்சியம் 260 மில்லிகிராம், இரும்பு 4.4 மில்லிகிராம். விற்றமின் சீ ஏறக்குறைய இல்லையென்றே கூறலாம். கொழுப்பமிலங்களுள் பாதிக்கு மேற்பட்டது ஒலேயிக்கமிலம்; ஒலிவெண்ணெயிலும் முதன்மை பெறுவது அதுவே. கருநீல நிறத்துக்குக் காரணம் அந்தோசயனின்கள். கிராமொன்றுக்கு ஏறத்தாழ 3.2 மில்லிகிராம்.

இவ்வெண்கள் சிறந்த உணவொன்றையே காட்டுகின்றன. ஆனால் அவை 100 கிராமுக்குரியவை. தூளை வாங்குவோர் பாலிலோ தயிரிலோ கஞ்சியிலோ பழக்கூழிலோ கலப்பது ஒரு கரண்டி, அதாவது 5 கிராமளவு. அதிற் கிடைப்பது 27 கலோரியும், 1.6 கிராம் கொழுப்பும், அரைக் கிராமுக்குக் குறைந்த புரதமும், 0.2 மில்லிகிராம் இரும்புமே. இரண்டு கிராம் நார்ப்பொருள் மட்டும் குறிப்பிடத்தக்கது. ஆற்றங்கரைக் கிண்ணத்தோடு இதனை ஒப்பிடுக. பிறேசில் வேளாண்மை அமைச்சு 2000 ஆம் ஆண்டு விதித்த தரப்படி நடுத்தர அசாயியில் 11 முதல் 14 சதவீதம் திண்மப்பொருள் இருத்தல் வேண்டும். அரை இலீற்றர் கூழில் அது 55 முதல் 70 கிராமாகின்றது. பதினொரு கரண்டிக்கும் மேற்பட்ட தூளின் சத்தை ஓர் ஆற்றங்கரைத் தொழிலாளி ஒரு வேளையில் உண்கின்றான். ஏறத்தாழ 20 கிராம் கொழுப்பு அதில் அவனுக்குக் கிடைக்கின்றது. அசாயியை உணவாக்கியது அளவேயன்றி அரிய பொருளெதுவுமன்று. தூளாகிய போது சத்து அழியவில்லை, அளவு அழிந்தது.

அவ்விடத்தை நிரப்ப வந்தது விளம்பரம். ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் சோதனைக்குழாயில் அளக்கப்பட்டு, மிகப்பெரிய எண்களாக விளம்பரப்படுத்தப்பட்டது. அத்தகைய அளவுகள் மனித உடலில் நிகழும் விளைவைக் காட்டமாட்டா எனக் கூறி ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் திணைக்களம் 2012 இல் தான் வெளியிட்டிருந்த அட்டவணையையே மீளப் பெற்றது. உடல் எடையைக் குறைக்கும் எனப் போலிச் செய்தித் தளங்கள் வாயிலாக விற்றோரைத் தடுக்குமாறு அந்நாட்டின் வணிக ஆணைக்குழு 2011 இல் நீதிமன்றங்களை நாடியது. கொழுப்பு மிகுந்ததாலேயே உழைப்பாளரின் உணவாய் விளங்கிய ஒன்று, மெலிவதற்குரிய மருந்தாக விற்கப்பட்டமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும். தூளினால் பயனில்லை என்பது இதன் பொருளன்று. இனிப்புச் சேராத தூள் நல்ல நிறமும் நார்ப்பொருளும் தருவது. வேகவைக்காது இறுதியிற் கலந்தால் அந்தோசயனின் பேணப்படும். எண்ணெய்ப் பொருளாதலின் காற்றும் ஒளியும் ஈரமும் படாது மூடிவைத்தல் வேண்டும், அன்றேல் சிக்குவாடை எழும். வீட்டுத் தேவைக்கு இவ்வளவே அறிந்திருக்க வேண்டியது.

பழத்தின் பெரும்பகுதி கொட்டையாகும். எடையிற் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் அதுவே. ஏற்றுமதியாவது எஞ்சிய சிறுபகுதி. கொட்டைகள் பெலேம் நகரிற் குவிகின்றன. செங்கற்சூளைகளில் எரிபொருளாகவும் மணிமாலைகளாகவும் சில பயன்படுகின்றன. விளைநிலத்திலும் மாற்றம் தெரிகின்றது. பிறேசிலின் அசாயியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பாரா மாநிலத்தினது. விலையின் ஈர்ப்பினால் மற்றைய மரங்களை அகற்றி அசாயியை மட்டும் நெருக்கமாக வளர்ப்போர் பெருகியுள்ளனர். முகத்துவாரக் காட்டின் பல்வகைமை இதனாற் குன்றுவதைச் சூழலியலாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். நகரத்து ஏழைக்கோ விலையேற்றமே கண்கூடான மாற்றம். ஜூலை முதல் டிசம்பர் வரையான விளைச்சற் காலம் முடிந்ததும் விலை ஏறும். கூழிற் சேர்க்கும் நீரும் ஏறும்.

நோய் பற்றிய அச்சமும் இவ்வேற்றத்தாழ்வைக் கூர்மையாக்கியுள்ளது. 1909 இல் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்த, அவர் பெயராலேயே வழங்கும் நோய், குருதி உறிஞ்சும் பூச்சியொன்றினாற் பரவுவது. பழத்தோடு அப்பூச்சியோ அதன் எச்சமோ சேர்ந்து அரைபடின் நோய்க்கிருமி கூழிற் கலக்கின்றது. பாராவில் இவ்வாறு பலர் நோயுற்றுள்ளனர். பழத்தை நன்கு கழுவி, 80 பாகை வெந்நீரிற் பத்து விநாடி அமிழ்த்தி எடுப்பது பயனுள்ள காப்பாகும். ஆலைகள் இதனை எளிதிற் செய்யும். தெருவோரச் சிறு கடைக்காரனுக்கு அது செலவு.

2025 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் காலநிலை மாநாடு பெலேம் நகரிற் கூடவிருந்தபோது, மாநாட்டு வளாகத்திற் பரிமாறக்கூடாத உணவுகளின் பட்டியலொன்று ஆகஸ்ட் மாதத்தில் வெளியாயிற்று. தொற்று அபாயம் கருதி அசாயியும் அதிற் சேர்க்கப்பட்டிருந்தது. நகர மக்களும் சமையற் கலைஞரும் கொதித்தெழவே, சில நாட்களுள் அத்தடை நீக்கப்பட்டது. அவ்வாரத்திலும் அசாயித் துறைக்கு வழமைபோலவே விடியுமுன் படகுகள் வந்தன. அது விளைச்சற் காலம்.